ஐந்து மணி முனகல்

இறந்து பதினோரு வருடமான தன் அப்பா தினமும் மாலை ஐந்து மணிக்கு முனகுகிறார் என்று ரோகினி சொல்லி முடித்ததும், சத்தியசீலன் கேட்ட முதல் கேள்வி:

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஆமா அங்கிள். ஒருநாள்கூட விட்டதில்ல."

"லீவே போடாத ஆவியா? நம்ப முடியலயே லா."

டோரின் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாயை மூடு என்று அர்த்தம். சத்தியசீலன் மூடிக்கொண்டான்.

மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய ராசாவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது டோரினின் ஆபீஸ். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள், ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்திருந்தாள். கீழே துணிக்கடைக்குப் பக்கத்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை வைத்திருந்த சத்தியசீலன் அவளுக்கு டிரைவர், மெக்கானிக், வாய் ஓயாத உதவியாளர் எல்லாம்.

ரோகினிக்கு இருபத்தொரு வயது. சிரம்பானில் பல் கிளினிக் ஒன்றின் கவுண்டரில் வேலை. சனி, ஞாயிறுகளில் கித்தார் வாசிப்பவள். மடியில் ஒரு துணிப்பை. அதிலிருந்து கனமான இரும்புப் பெடல் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கார் ஆக்சிலரேட்டரைப் பெரிதாக்கியது போன்ற வடிவம். கறுப்புப் பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது.

"வாவா பெடல்!" சத்தியசீலனின் கண் விரிந்தது. "எழுபதுகள்ல வந்த சாமான் பாஸ். கித்தார் வயரை இதுல சொருகி, காலால அமுக்கி அமுக்கி விட்டா, கித்தார் வாயைத் திறந்து 'வா... வா'ன்னு பேசும். அதான் பேரு."

"எங்கம்மாவுக்கு அதுதான் பிரச்சனை," என்றாள் ரோகினி.

அவள் சொன்னது இதுதான். லுக்குட்டுக்கு உள்ளே இருக்கும் பத்து ஈத்தாம் தோட்டத்தில் அவள் அப்பா வீரமுத்து லோரி ஓட்டினார். வேலை முடிந்து ஐந்து மணிக்குத் தோட்டத்து மண்டபத்தில் கித்தார் வாசிப்பார். ஒரு மழை நாளில், வாசித்துக்கொண்டிருந்தபோதே கரண்ட் அடித்து இறந்தார். கித்தாரை இணைத்திருந்த ஆம்ப்பை முந்தின மாதம்தான் அவருடைய உயிர் நண்பர் நெல்சன் ரிப்பேர் செய்திருந்தார். எல்லாரும் நெல்சனைக் கை காட்டினார்கள். போலீஸ் விபத்து என்று மூடிவிட்டது. ஆனால் நெல்சன் தன்னைத் தானே மூடிக்கொண்டு கெமாஸ் என்ற தூர ஊருக்குப் போய்விட்டார்.

"போன மாசம் நெல்சன் மாமா ஆள் மூலமா இந்தப் பெடலை அனுப்பினாரு. அப்பாவோடது. 'இனிமே நான் வெச்சிருக்கிறது சரியில்ல'ன்னு ஒரு துண்டுக் காகிதம். நான் அதை டிவான்ல, அந்த மண்டபத்துல வெச்சு, சின்ன பேட்டரி ஆம்ப்ல சொருகினேன். கித்தாரே சொருகலக்கா. தானா முனக ஆரம்பிச்சிருச்சு."

"மண்டபத்துல கரண்ட் இருக்கா?"

"கெடையாது. அப்பா போன பிறகு மீட்டரையே கழட்டிட்டாங்க. பெடலும் பேட்டரி, ஆம்ப்பும் பேட்டரி."

"அம்மா என்ன சொல்றாங்க?"

ரோகினி பெடலைப் பார்த்தபடி சொன்னாள். "தினமும் அஞ்சு மணிக்கு அங்க போய் உக்காந்துக்கிறாங்க. கையால பெடலை அமுக்கினா அது 'வா'ன்னு கூப்பிடுது. மத்த குடும்பமெல்லாம் மலிவு வீட்டுக்குப் போயாச்சு. எங்களுக்கும் சாவி குடுத்தாச்சு. திங்கக்கிழமை டிவானை உடைக்க மிஷின் வருது. அம்மா நகர மாட்டேங்குறாங்க. நேத்து பார்த்தா, நல்ல சேலையெல்லாம் எடுத்து லுக்குட்ல தெரிஞ்சவங்களுக்குக் குடுத்துட்டு வந்திருக்காங்க. 'எனக்கு இனிமே எதுக்கு'ன்னு..."

சத்தியசீலன் பெடலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"இதை நான் திருட்டுத்தனமாத்தான் எடுத்துட்டு வந்தேன். அஞ்சு மணிக்குள்ள திருப்பி வெக்கணும். அப்பாவோட பழைய ஆம்ப்பும் கார்ல இருக்கு."

டோரின் மணி பார்த்தாள். இரண்டு.

"சீலன், கடையைத் திற."

*

கீழே, சத்தியசீலன் பெடலின் அடித்தகட்டைக் கழற்றினான். காய்ந்துபோயிருந்த இரண்டு கெப்பாசிட்டரை மாற்றினான். எர்த் வயரை மறுபடி பற்றவைத்தான். சொருகும் இடங்களைச் சுத்தம் செய்தான். பிறகு ஆம்ப்பில் இணைத்தான்.

லேசான இரைச்சல், அவ்வளவுதான்.

"நான் கை வைக்கிறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சு பாஸ். கடைக்குள்ள நாலு பிளக், மூணு ஃபேன் ஓடுது. அதுக்கே லேசாத்தான் இரையுது. வியாதி பெடல்ல இல்ல. அந்த ஊர்ல இருக்கு."

"ஆம்ப்?"

பழைய ஆம்ப்பைத் திறந்து அரை மணி நேரம் பார்த்தான். போலீஸ் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அதை யாரும் தொட்டிருக்கவில்லை. உள்ளே பல்லி முட்டை ஓடுகள் கிடந்தன. சத்தியசீலனின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இதை ரிப்பேர் பண்ணவன் என் கடையில இருந்திருந்தா நான் அவனை முதலாளியாக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இவ்வளவு சுத்தமான வேலை. எர்த் கச்சிதமா இருக்கு. இந்த ஆம்ப் ஒரு கொசுவைக்கூடக் கொன்னிருக்காது."

ரோகினி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு விஷயம் ஞாபகப்படுத்திச் சொல்லு," என்றாள் டோரின். "அப்பா விழுந்து கிடந்தப்போ கை எங்க இருந்துச்சு?"

"ஒரு கை கித்தார் கம்பியில. இன்னொரு கை... தூணைப் பிடிச்சிருந்துச்சு. இரும்புத் தூண். விழாம இருக்கப் பிடிச்சாருன்னு சொன்னாங்க."

டோரினும் சத்தியசீலனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கரண்ட் அடிச்ச பிறகு தூணைப் பிடிச்சாரா," டோரின் மெதுவாகக் கேட்டாள், "தூணைப் பிடிச்ச பிறகு கரண்ட் அடிச்சுதா?"

*

பத்து ஈத்தாம் தோட்டத்து மண்டபத்துக்குச் சுவரே இல்லை, பின்பக்கம் ஒன்றைத் தவிர. எட்டு இரும்புத் தூண், மேலே துருப்பிடித்த தகரம், கீழே வெடித்த சிமெண்ட் தரை. சுற்றிலும் செம்பனை மரங்கள் வெயிலை உறிஞ்சிவிட்டதால், நாலரை மணிக்கே உள்ளே நிழல் தடித்துக் கிடந்தது. ஆள் இல்லாத லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் எல்லாம் கழற்றப்பட்டுவிட்டன. மின்கம்பம் எங்கோ தூரத்தில், மண் சாலை ஓரத்தில் நின்றது.

மூன்றாவது தூணில் சாய்ந்து ரதி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலை வாரி, பொட்டு வைக்காமல், யாரோ வரப்போகிறவருக்குக் காத்திருப்பது போல் சுத்தமாக உடுத்தியிருந்தாள்.

"எடுத்துட்டுப் போனா சொல்லிட்டுப் போகக்கூடாதா?" மகளிடம் அவள் கேட்டது அவ்வளவுதான். பெடலை வாங்கி மடியில் வைத்து, முந்தானையால் துடைத்தாள். வந்தவர்கள் யார் என்று கேட்கவில்லை.

பெடலைத் தரையில் வைத்தாள். சின்ன ஆம்ப்பைச் சொருகினாள். நான்கு பேரும் காத்திருந்தார்கள். எங்கோ ஒரு காட்டுக்கோழி கூவி நின்றது.

ஐந்து.

ம்ம்ம்ம்ம்...

முதலில் காதுக்கு வரவில்லை. தரையில் பதிந்த உள்ளங்காலுக்குத்தான் வந்தது போலிருந்தது. பிறகு, வாயை மூடிக்கொண்டு ஒருவர் மறந்துபோன பாட்டைத் தேடுவது போன்ற முனகல். ரதி குனிந்து, பெடலின் மேல்பலகையை உள்ளங்கையால் மெல்ல அமுக்கினாள்.

ம்ம்ம்...வ்வ்வாஆ.

டோரினின் கைமுடி சிலிர்த்தது. இதற்கெல்லாம் காரணம் இருக்கும் என்று தெரிந்தவள்தான் அவள். தெரிந்தும் சிலிர்த்தது.

"பாஸ்," சத்தியசீலன் கிசுகிசுத்தான். "எனக்கு ஜோக் ஒண்ணும் வரமாட்டேங்குது."

ரதி கண்ணை மூடினாள். பெடலைத் தன் பக்கம் இன்னும் நெருக்கமாக இழுத்து, பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டாள். அப்படித் திருப்பிய கணத்தில் முனகல் குரல்வளையைப் பிடித்தது போல் அமுங்கியது. அவள் பதறி மறுபடி நேராக வைத்தாள். முனகல் திரும்பி வந்தது.

டோரின் முன்னால் வந்து மண்டியிட்டாள். "அக்கா, இதை ஒரு தடவை நான் திருப்பிப் பார்க்கட்டுமா?"

"வேணாம்."

"ஒரே தடவைம்மா," என்றாள் ரோகினி. "எனக்காக."

ரதியின் கை விலகியது. டோரின் பெடலைக் கடிகார முள் போல் மெல்லச் சுற்றினாள். வடக்கு தெற்காக வைத்தால் முனகல் பெருகியது. கிழக்கு மேற்காக வைத்தால் செத்தது.

"சீலன், கூப்பிடுற ஆவி, நாம திரும்பி உக்காந்தா ஏன் ஊமையாகுது?"

சத்தியசீலன் இரண்டு விநாடி பெடலையே பார்த்தான். பிறகு தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டான்.

"அட, உள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கு பாஸ்! கரண்ட் ஓடுற வயர் பக்கத்துல இருந்தா, தொடாமலே அதைக் கேட்டுடும். ஒரு பக்கம் திரும்பினா காது கேக்கும், இன்னொரு பக்கம் திரும்பினா செவிடு. இது பேசலை பாஸ், ஒட்டுக் கேக்குது!"

அவன் பெடலையும் ஆம்ப்பையும் தூக்கிக்கொண்டு தரையில் தவழ ஆரம்பித்தான். முனகல் எங்கே உச்சமோ அங்கே ரோகினி ஒரு சுண்ணாம்புக் கல்லால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பின்சுவரில் தொடங்கிய கோடு நேராக மூன்றாவது தூணை நோக்கி வந்தது. தூணுக்கு ஓரடி முன்னால் வளைந்து, தூணைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகி வெளியே போனது.

தூணின் அடியில் அந்த வளைவு மட்டும் வேறு நிறச் சிமெண்ட்.

"நேரா வந்த வயர், தூணைப் பார்த்ததும் ஏன் ஒதுங்கிப் போகுது?" என்றாள் டோரின்.

"ஒதுங்கலை பாஸ். யாரோ பிற்பாடு ஒதுக்கியிருக்காங்க."

ரதி அசையவில்லை. தான் உட்கார்ந்திருக்கும் தரைக்கடியில் கரண்ட் ஓடுகிறது என்று கேட்ட எவரும் குறைந்தபட்சம் எழுந்து நிற்பார்கள். எங்கிருந்து, யாருடையது என்று கேட்பார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. டோரின் அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

"கொண்டு போங்க," என்றாள் ரதி, தரையைப் பார்த்தபடி. "ஆனா திருப்பிக் கொண்டு வந்துடுங்க."

*

பெடல் அவர்களைச் செம்பனைகளுக்கு நடுவே இழுத்துப் போனது. மண்ணுக்கு மேலே ஒன்றுமில்லை, கீழே முனகல். சத்தியசீலன் குனிந்து குனிந்து நடந்தான்.

"இன்னொண்ணு கவனிச்சீங்களா பாஸ்? போற வயரும் வர்ற வயரும் ஒட்டிப் போனா, ஒண்ணோட சத்தத்தை ஒண்ணு அமுக்கிடும். பெடலுக்கு இவ்வளவு கேக்காது. இங்க ரெண்டும் நாலடி தள்ளித் தள்ளிப் போகுது. தொழில் தெரிஞ்சவன் போட்டதில்ல."

முந்நூறு அடி தாண்டி, பழைய ரப்பர் புகைக்கூடம் இருந்த இடத்தில், ஜன்னலே இல்லாத உயரமான சிமெண்ட் கட்டடம். உள்ளே ஆயிரம் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன, எல்லாம் ஸ்பீக்கரில். விலை உயர்ந்த, சாப்பிடக்கூடிய கூட்டுக்காக வாலிட் குருவிகளை ஏமாற்றி வரவழைக்கும் வீடு. சுவருக்குப் பின்னால் ஒரு பம்ப் உறுமிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தவர் கணேசமூர்த்தி. அறுபத்தேழு வயது. முப்பது வருடம் தோட்டத்தின் பம்ப் வீட்டைப் பார்த்துக்கொண்டவர். கடைசியில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மண்டோர் தாத்தா," என்றாள் ரோகினி திகைத்து. "இது உங்களோடதா?"

"என்னம்மா இந்தப் பக்கம்?"

டோரின் முந்திக்கொண்டாள். "பம்ப் எத்தனை மணிக்கு ஓடும் ஐயா?"

"அஞ்சுலேர்ந்து ஆறு. குருவி அடையுற நேரம் ஈரமா இருக்கணும்ல. டைமர் போட்டிருக்கேன்."

"ஆவிக்கு டைமர்," என்றான் சத்தியசீலன் முணுமுணுப்பாக. ரோகினி சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"கரண்ட் எங்கேருந்து?"

"சோலார்."

சத்தியசீலன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். "பலகையைக் காணோமே. குருவி தூக்கிட்டுப் போயிருச்சா?"

கணேசமூர்த்தி கதவைச் சாத்தப் பார்த்தார். டோரின் குரலை உயர்த்தவில்லை.

"திங்கக்கிழமை மிஷின் வந்து டிவான் தரையைத் தோண்டும் ஐயா. ஓட்டுறவன் எந்த நாட்டுப் பிள்ளையோ. கீழ வயர் இருக்குன்னு அவனுக்கு யார் சொல்லுவா? அந்த இடத்துல ஏற்கெனவே ஒரு உயிர் போயிருக்கு."

கதவு பாதியில் நின்றது.

"நான் போடலை," என்றார் கணேசமூர்த்தி. "மண்ணுல சும்மா கெடந்த வயர். பம்ப் வீட்டுலேர்ந்து டிவானுக்குக் கீழ ஓடி லயத்துக்குப் போச்சு. நான் இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டேன்."

"தூணை விட்டு ஒதுக்கி, சிமெண்ட் பூசினது?"

"நான்தான்."

"எப்போ?"

அவர் ரோகினியைப் பார்க்காமல் சொன்னார். "வீரமுத்துவை எடுத்த மறுநாள். தூணடியில வயரோட தோல் கிழிஞ்சு இரும்புல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மழைத் தண்ணி வேற."

"தூண்ல கரண்ட் இருந்துருக்கு. ஆம்ப்போட எர்த் நல்லா இருந்ததாலதான், தூணையும் கித்தார் கம்பியையும் ஒண்ணாத் தொட்டவர் உடம்பு வழியா அது இறங்கியிருக்கு." டோரின் ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள். "நெல்சன் மேல தப்பில்லைன்னு உங்களுக்குப் பதினோரு வருஷமா தெரியும்."

ரோகினி அவர் கையைப் பிடித்தாள். "அந்த வயரைப் போட்டது யாரு தாத்தா? நீங்க இல்லைன்னா யாரு?"

கணேசமூர்த்தி தலையை ஆட்டினார். "அதை மட்டும் என்கிட்ட கேக்காதம்மா."

*

அவர்கள் நான்கு பேருமாக மண்டபத்துக்குத் திரும்பியபோது ரதி அதே இடத்தில் இருந்தாள். கணேசமூர்த்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். டோரின் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் ரதி கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கே புடுங்கிட்டேன்னு சொன்னீங்களே மாமா?"

ரோகினி அம்மாவின் எதிரே வந்து நின்றாள்.

"அம்மா?" என்றாள் ரோகினி. "உனக்குத் தெரியுமா? வயர் இருந்தது உனக்குத் தெரியுமா?"

ரதி டோரினிடம் திரும்பினாள். "இப்ப அணைச்சுடுவீங்களா?"

"அணைக்கணும்கா."

"அப்போ இது அவரில்லையா? வயருதானா?"

"வயருதான்."

"சரி. ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

கணேசமூர்த்தி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பம்ப் வீட்டுக்குப் போனார். சத்தியசீலன் பெடலைப் பழைய இடத்தில், பழைய திசையில் வைத்தான். ரதி பக்கத்தில் உட்கார்ந்து, அது வெறும் கம்பிச் சுருள் என்று தெரிந்த பிறகும், கையால் மெல்ல அமுக்கினாள். வ்வாஆ. விட்டாள். மறுபடி அமுக்கினாள். வ்வாஆ. சத்தியசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தான்.

"போதும்," என்றாள் ரதி.

ரோகினி கணேசமூர்த்திக்குப் போன் செய்தாள். முனகல் நடுவிலேயே அறுந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் தகரக் கூரை சூடு ஆறி ‘டிக் டிக்’ என்று சுருங்குவது கேட்டது.

சத்தியசீலன் காரிலிருந்து சுத்தியல் கொண்டுவந்து புதுச் சிமெண்ட்டை உடைத்தான். அடியில், ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பழைய வயரிலேயே ஒரு ஒட்டு. சுற்றியிருந்த டேப் மக்கிப்போயிருந்தது. அதை உரித்ததும் உள்ளே செம்புக் கம்பி பளபளத்தது. அதைச் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்து அவன் புருவம் சுருங்கியது.

"எந்த ஒயர்மேனும் இப்படி முறுக்க மாட்டான் பாஸ். ஒரு சுத்து மேல போய், ரெண்டு சுத்து கீழ வந்து, முனையை அடியில பூட்டி... இதை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்."

ரோகினி குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து, காரிலிருந்த தன் கித்தாரை எடுத்துவந்து, அதன் தலைப்பகுதியைத் திருப்பிக் காட்டினாள். ஆறு முடுக்கியிலும் கம்பி அதேபோலச் சுற்றியிருந்தது. ஒரு சுத்து மேலே. இரண்டு கீழே. முனை அடியில்.

"கம்பி நழுவாம இருக்க அப்பா சொல்லிக் குடுத்தது," என்றாள். "வேற யாரும் இப்படிச் சுத்திப் பார்த்ததில்ல."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அப்பாவா?"

ரதி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"தோட்டத்தை வித்ததும் கம்பெனிக்காரன் லயத்துக்குக் கரண்ட்ட வெட்டிட்டான். நாங்க தானா ஓடிடுவோம்னு. உனக்கு அப்ப பத்து வயசு. இழுப்பு. மூச்சு மிஷின் இல்லாம ராத்திரி தாண்டாது. மோட்டார் சைக்கிள்ல வெச்சு லுக்குட் கிளினிக்குக்குக் கொண்டு போவோம். ஒரு நாள் மழையில, பாதி வழியில உன் உதடு நீலமாயிருச்சு. மறுநாள் அப்பா வயர் வாங்கிட்டு வந்தாரு. டிவான் மீட்டர்ல எடுத்தா கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சுடுவான். கோயில் மீட்டர்ல எடுங்கன்னேன். சாமி கரண்ட்டத் தொடமாட்டேன்னாரு. பம்ப் வீட்டுலேர்ந்து மூணு நாள் தோண்டிப் போட்டாரு. நான்தான் கூடையில மண்ணள்ளினேன்."

"எனக்காகவா?" ரோகினி கேட்டாள்.

"இதுக்குத்தான் நான் வாயைத் திறக்கலை. போலீஸ் ஆம்ப்பைத் தூக்கிட்டுப் போனாங்க. எல்லாரும் நெல்சன் அண்ணனைச் சொன்னாங்க. நான் வயரைப் பத்திச் சொன்னா, எதுக்கு வயருன்னு கேப்பாங்க. என்னாலதான் அப்பா செத்தாருன்னு நீ காலம் பூரா நெனைச்சுக்கிட்டே கெடப்ப. அவரு போன மூணாம் நாளே கம்பெனிக்காரன் கரண்ட்டத் திருப்பிக் குடுத்துட்டான். மண்டோர் மாமாகிட்ட வயரைப் புடுங்கிடுங்கன்னேன். அதோட முடிஞ்சிருச்சுன்னு நெனைச்சேன்."

"முடியலை," என்றாள் டோரின். "‘என்னாலதான் செத்தான்’னு ஒருத்தர் நெனைச்சுக்கிட்டேதான் இருந்திருக்கார். கெமாஸ்ல."

ரதி தலை குனிந்தாள். "பெடல் வந்து முனகினதும் எனக்குப் புரிஞ்சிருச்சு. என் கூட்டாளியை ஏன்டி அப்படி விட்டன்னு கேக்கத்தான் வந்திருக்காருன்னு. வா, வான்னு கூப்பிட்டாரு. போயிடலாம்னுதான் இருந்தேன்."

ரோகினி கித்தாரைத் தரையில் வைத்துவிட்டு அம்மாவை இறுக்கிப் பிடித்தாள். அழுதாளா, திட்டினாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரலில் பேசினாள்.

"பத்து வயசுல சொல்லாததுக்கு நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு இருபத்தொண்ணு ஆயிருச்சும்மா. என்னைக் கேட்டிருக்கலாம்ல? நான் தாங்குவேனா மாட்டேனான்னு என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

டோரின் சத்தியசீலனின் தோளைத் தட்டி, அவனை வெளியே அழைத்துப் போனாள்.

"பாஸ்," என்றான் அவன். "இந்த மாதிரி கேஸுக்குப் பில் எப்படிப் போடுவீங்க?"

"நாளைக்கு கெமாஸ் வரைக்கும் கார் ஓட்டணும். பெட்ரோல் உன்னோடது."

*

மறுநாள் காலை கணேசமூர்த்தி தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வயரைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தபோது, கார் கெமாஸ் ரயில் பாதையைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் ரதியும் ரோகினியும்.

நெல்சனின் வீடு தண்டவாளத்துக்குப் பின்னால், ஒற்றை அறை. ஒரு மர ஃபேக்டரியில் காவல்காரர் வேலை. ஒரு காலத்தில் லுக்குட் முழுக்க ரேடியோக்காரர் என்று பேர் எடுத்தவரின் வீட்டில் ரேடியோ இல்லை, டிவி இல்லை. பல்பு மாற்றக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாராம்.

கதவைத் திறந்தவர் ரதியைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார். அடி விழப்போகிறது என்று எதிர்பார்ப்பவரைப் போல.

"ரதி."

"அண்ணே, உள்ள வரலாமா?"

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வயர், தூண், மூச்சு மிஷின், மூன்று நாள் தோண்டிய மண், தான் வாயை மூடிக்கொண்ட பதினோரு வருடம். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை, தனக்காக எதையும் மென்மையாக்கவில்லை. சத்தியசீலன் இடையில் ஒரே ஒரு தடவை பேசினான்.

"அந்த ஆம்ப்பை நான் திறந்து பார்த்தேண்ணே. அவ்வளவு நல்ல வேலையை நான் பார்த்ததில்ல."

நெல்சன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாருடைய கைகளோ போல. ஒரு சரக்கு ரயில் போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது. ரதி கண்ணை மூடிக் காத்திருந்தாள். அவர் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் நிமிர்ந்து, கதவோரம் நின்ற ரோகினியைப் பார்த்தார். பத்து வயதில் கடைசியாகப் பார்த்த முகத்தை அந்த முகத்தில் தேடினார்.

"இப்ப மூச்சு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு மாமா," என்றாள் ரோகினி. "ரொம்ப நல்லா இருக்கு."

நெல்சன் சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்து, பதினோரு வருட அழுகையை அழ ஆரம்பித்தார்.